ஓடாத பாதிப் படத்துக்கு நான் சொன்ன க்ளைமாக்ஸ்

1

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் என் வீட்டு ஹாலில் உட்கார்ந்திருந்தபோது எனக்குக் கை நடுங்கியது. வயசாகிறது, சர்க்கரை இருக்கிறது, எல்லாம் சரி. ஆனால் இது அந்த நடுக்கம் இல்லை.

மெல்பர்னுக்குப் பக்கத்தில் டாண்டினாங்கில் இருக்கிறோம். கார் சீட்டுக்கு இரும்புச் சட்டம் செய்கிற கம்பெனியில் எனக்கு வேலை. சென்னைக்குப் பக்கத்தில் என் சொந்த ஊரான ஒரகடத்தில் இப்போது எல்லோரும் எதைச் செய்கிறார்களோ, அதைத்தான் நான் கடல் தாண்டி வந்து செய்கிறேன். நான் ஒரகடத்தை விட்டுக் கிளம்பிய பிறகுதான் கம்பெனிகள் எல்லாம் ஒரகடத்துக்கு வந்தன. தற்செயல் என்றே இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறேன்.

மகள் கயலுக்குப் பதினைந்து வயது. பிள்ளை தமிழை மறந்துவிடக் கூடாது என்று சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் சேர்த்தோம். மறக்கவில்லை. ஆனால் அங்கே டீச்சர், கூடப் படிக்கிற பிள்ளைகள், கேன்டீன் அக்கா எல்லோரும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். ஒரகடத்தானுக்கும் படப்பைக்காரிக்கும் பிறந்த பெண், ‘ஓம் அப்பா’, ‘இல்லை அப்பா’ என்று கேட்கவே இனிமையாகப் பேசுகிறது. என் மனைவி விஜயா ‘இன்னாடி’ என்று கூப்பிட்டால், ‘அம்மா, அது பிழை’ என்று திருத்துகிறது.

அன்றைக்கு மூன்று பேரும் டிவியில் ஒரு படம் பார்த்தோம். முடிந்ததும் நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அருமையான படம்மா. அந்தக் கடைசி சீன் இருக்கு பாரு, ஏ ஒன்” என்றேன்.

“அப்பா, நீங்க நித்திரை கொண்டனீங்கள்.”

“சும்மா கண்ண மூடிகினு கேட்டுனு இருந்தேன்.”

“அப்ப, கடைசியில அந்தத் தம்பிக்கு என்ன நடந்தது? சொல்லுங்கோ பாப்பம்.”

விளையாட்டாகத்தான் கேட்டாள். கையில் இருந்த டீ தொடையில் கொட்டியது. விஜயா சிரித்தாள். “இன்னாங்க இது, போலீஸ் கேக்கற மாதிரி இப்படி முழிக்கிறீங்க?”

அவளுக்குத் தெரியாது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் சொன்னதில்லை. இப்போது இங்கே எழுதுகிறேன். அவள் தமிழ்ப் பத்திரிகை படிப்பதை நிறுத்தி வெகுநாள் ஆகிறது என்கிற தைரியம்தான்.

2

சினிமா பற்றிய என் அபிப்பிராயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நல்ல படத்தில் சண்டை குறைவாக இருக்க வேண்டும். வில்லன் அடித்தொண்டையில் பேசலாம், கத்தக் கூடாது. கோர்ட் சீன் வைத்த படங்களை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். ஒரே ஆள் ஒரே குரலில் பத்து நிமிஷம் பேசுவார். தாலாட்டுப் பாட்டு இருந்தால் இன்னும் விசேஷம். கண்ணாடி உடைகிற படங்களை யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை.

புரிந்திருக்கும். நான் தியேட்டருக்குத் தூங்கப் போகிறவன்.

தொண்ணூற்றொன்றில் எனக்கு இருபத்தாறு வயது. மறைமலை நகரில் ஒரு சின்னப் பட்டறையில் லேத் ஓட்டுகிற டர்னர். வீடு ஒரகடத்துக்குப் பக்கத்தில், அஸ்பெஸ்டாஸ் கூரை, ஃபேன் கிடையாது. ஷிப்ட் முடிந்து வந்து பகலில் படுத்தால் ரொட்டி மாதிரி வெந்துவிடுவேன். தியேட்டரில் இருட்டு இருந்தது, ஃபேன் இருந்தது, மூன்று மணி நேரம் யாரும் எழுப்ப மாட்டார்கள். அந்த டிக்கெட்டுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

வெறுமனே தூங்கியிருந்தால் வம்பே இல்லை. எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. தொழிற்பேட்டையில் கரண்ட் பற்றாக்குறை. அதனால் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு நாள் லீவு, எங்களுக்குச் செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமை யார் புதுப் படம் பார்த்தாலும், புதன்கிழமை மதியச் சாப்பாட்டு வேளையில் முழுக் கதையையும் பாட்டோடு சொல்ல வேண்டும். மற்றவர்களுக்குத் தாம்பரம் வரை போய்ப் படம் பார்க்க முடியாது. குடும்பம், ஓ.டி., தூரம். கதை சொல்கிறவனுக்கு ஆளுக்கொரு போண்டா. குறுக்கே பேசக் கூடாது.

நாலு வருஷமாக அந்தப் போண்டாக்களைத் தின்றவன் நான்தான்.

நான் தூங்குவது ஒரே ஒருத்தனுக்குத் தெரியும். சுடலை. திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், பக்கத்து லேத். எப்போதும் என்னோடு படத்துக்கு வருவான், முழுசும் பார்ப்பான். திரும்புகிற பஸ்ஸில், “என்ன கதைல?” என்று நான் அவன் பாஷையிலேயே கேட்டால், “என்னத்தச் சொல்ல. ஒரு அம்மை, ஒரு மவன், ஒரு லாரி. அம்புட்டுதான்ல” என்பான். அந்த அம்மை, மவன், லாரியை வைத்துக்கொண்டு மறுநாள் நான் முக்கால் மணி நேரம் ஓட்டுவேன்.

அந்த லாரிப் படத்துக்கு நான் சொன்ன முடிவை மறக்க முடியாது. மகன் லாரியைத் திருப்பிக்கொண்டு வருவதற்குள் அம்மா கோயில் படியிலேயே உயிரை விடுகிறாள், கையில் அவனுக்காக மடித்து வைத்த புது வேட்டியோடு. எங்கள் ஃபோர்மேன் தேவராஜ் அண்ணன், லேத்தில் விரல் நுனி போன அன்றைக்குக்கூடத் தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு நடந்தே ஆஸ்பத்திரிக்குப் போனவர், சாப்பாட்டில் கையை வைத்தபடியே விம்மி விம்மி அழுதார். “டேய் ஏழுமல, போதும்டா, நிறுத்துடா” என்றார். நிறுத்தவில்லை. அன்றைக்கு இரண்டு போண்டா கூடுதல்.

3

மே மாதத்தில் அந்தச் செவ்வாய்க்கிழமை. எதைச் சொல்கிறேன் என்று நம் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஸ்ரீபெரும்புதூருக்குப் பெரிய தலைவர் வருகிறார் என்று மதியத்திலிருந்தே ஊரே கிளம்பிக்கொண்டிருந்தது. டிராக்டரில், லாரியில், நடந்து. என் நைனா கட்சி வேட்டியை எடுத்துக் கட்டிக்கொண்டு, “நீ வர்லியா?” என்றார்.

“வேல கீது நைனா.”

“லீவு நாள்ல இன்னாடா வேல?”

பதில் சொல்லாமல் எதிர்ப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினேன். சுடலை கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தான். கதை சொல்ல ஆள் இல்லாவிட்டாலும் தூங்க ஆள் வேண்டாமே. தாம்பரத்தில் இரண்டாம் ஆட்டம், மூன்றாவது வரிசை ஃபேனுக்கு நேர் கீழே ஸீட். படத்தில் அண்ணன், தம்பி, துறைமுகம் என்கிற வரைக்கும் தெரியும்.

வாட்ச்மேன் என் தோளைப் பிடித்து உலுக்கினார். “யோவ், ஊரே எரியப்போவுது, நீ இன்னா தூங்கிகினு கீற!” ஹாலில் யாரும் இல்லை. படம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். வெளியே வந்தால் ஷட்டர் இறங்குகிற சத்தம். ஓடிக்கொண்டிருந்த யாரையோ நிறுத்தி என்னவென்று கேட்டேன். சொன்னார். தலைவரைக் கொன்ற குண்டு எந்த ஊரில் வெடித்தது என்றும் சொன்னார்.

நைனா அங்கேதான் இருந்தார்.

பஸ் கிடையாது. விடிந்ததும் நடக்க ஆரம்பித்தேன். முடிச்சூர், படப்பை, அப்புறம் ஒரகடம். கடை எதுவும் திறக்கவில்லை, எதிரே வந்தவர்கள் யாரும் நின்று பேசவில்லை. நைனாவின் வேட்டி என்ன நிறக் கரை என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். ஞாபகம் வரவில்லை. அடையாளம் கேட்டால் என்ன சொல்வது?

வீட்டு வாசலில் நைனா உட்கார்ந்திருந்தார். காலில் ஒரு செருப்பு மட்டும் இருந்தது. என்னைப் பார்த்து, “சாப்ட்டியா?” என்றார். அதற்கப்புறம் ஒரு வாரம் அவர் வேறெதுவும் பேசவில்லை. எங்கள் ஊரிலிருந்து போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்துவிட்டார்கள். திரும்பாதவர்கள் வேறு ஊர்களில் இருந்தார்கள்.

4

இங்கே ஆஸ்திரேலியாவில் எந்த ஃபாரத்தை நீட்டினாலும் ஒரு கேள்வி இருக்கிறது. போலீஸ் உங்களை எப்போதாவது விசாரித்தது உண்டா என்று. விசா, குடியுரிமை, பள்ளிக்கூடத்தில் ஆண்டுவிழாவுக்கு நாற்காலி போடப் போனால்கூட அந்தக் கேள்வி. நான் ஒவ்வொரு முறையும் கயல் பார்க்காதபோது அந்தக் கட்டத்தை நிரப்புகிறேன். என்ன நிரப்புகிறேன் என்று எழுத மாட்டேன். இந்தப் பத்திரிகை இணையத்திலும் வருகிறதாம்.

தொண்ணூற்றொன்றில் நான் பாஸ்போர்ட்டுக்குப் போட்டிருந்தேன். மஸ்கட்டில் ஒரு ஒர்க்‌ஷாப், டர்னர் வேலை. ஜூன் முடிவதற்குள் பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும் என்று ஏஜென்ட் சொல்லியிருந்தார். இல்லாவிட்டால் அடுத்த ஆள் போய்விடுவான். மனு கொடுத்தது, அந்தச் செவ்வாய்க்கிழமைக்குச் சரியாகப் பத்து நாள் முன்பு.

சாதாரண காலமாக இருந்தால் ஏட்டு ஒருவர் வீட்டுக்கு வருவார், மோர் குடிப்பார், எழுதிக்கொண்டு போவார். அந்த மாதத்தில் எதுவும் சாதாரணமாக இல்லை. ஜீப் சத்தம் கேட்டால் தெருவில் பேச்சு நின்றுவிடும். வாடகைக்கு இருந்த வெளியூர்க்காரர்களைக் காலி பண்ணச் சொன்னார்கள். யார் வாயைத் திறந்தாலும் அவர்கள் பேசுகிற தமிழ் எந்த ஊர்த் தமிழ் என்று எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். இன்றைக்கு என் பெண் பேசுகிற மாதிரி அன்றைக்கு எங்கள் பஸ்ஸில் ஒரு பெண் பேசியிருந்தால், படப்பை வருவதற்குள் அந்த பஸ் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்றிருக்கும். கயல் ‘ஓம்’ என்று சொல்லும்போதெல்லாம் இப்போதும் ஒரு விநாடி ஜன்னலைப் பார்க்கிறேன். வெளியே பக்கத்து வீட்டு ஆஸ்திரேலியர் புல் வெட்டிக்கொண்டிருப்பார்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து ஆள் வந்தது. பாஸ்போர்ட் விஷயமாக நாளைக் காலை ஸ்டேஷனுக்கு வர வேண்டும். எந்த ஸ்டேஷன் என்று இங்கே வேண்டாம். அங்கே யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவும் இல்லை. நான் பயந்ததற்கு அவர்கள் பொறுப்பில்லை.

5

நைனாவும் கூட வந்தார். அவரை வெளியே புங்கமரத்தடியில் நிற்கச் சொல்லிவிட்டார்கள்.

இன்ஸ்பெக்டர் மெதுவாகப் பேசுகிற ஆள். அது இன்னும் மோசம். என் மனு அவர் மேஜைமேல் இருந்தது, அதில் என் போட்டோ. போட்டோவில் நான் குற்றவாளி மாதிரிதான் இருப்பேன். எந்தப் போட்டோவிலும் அப்படித்தான்.

“உக்காரு.”

“பரவால்ல சார்.”

“உக்காருன்னேன்.”

உட்கார்ந்தேன்.

“அன்னிக்கு உங்க ஊரே கூட்டத்துக்குப் போயிருக்கு. உங்க அப்பாவும் போயிருக்காரு. நீ மட்டும் எதிர்ப் பக்கம் போயிருக்க. மறுநாள் தனியா நடந்து ஊருக்குள்ள வந்திருக்க. பாஸ்போர்ட்டும் அவசரமா வேணுங்கிற.” ஒவ்வொன்றையும் தாளில் அடுக்கி வைத்த மாதிரி சொன்னார். அவர் சொல்லச் சொல்ல எனக்கே என்மேல் சந்தேகம் வந்தது. “எங்க போன?”

“படத்துக்கு சார்.”

“இன்னா படம்?”

சொன்னேன்.

“கதை சொல்லு.”

உண்மையை அங்கேயே சொல்லியிருக்கலாம். தூங்கிவிட்டேன் என்று இரண்டு வார்த்தை. ஆனால் தொண்டைக்குள் பயம் உட்கார்ந்துகொண்டால் வாய் தனக்குத் தெரிந்த வேலையைத்தான் செய்யும். நாலு வருஷமாக என் வாய்க்கு ஒரு வேலைதான் தெரியும். அண்ணன், தம்பி, துறைமுகம் மூன்றையும் எடுத்தேன். அண்ணன் மூட்டை தூக்கித் தம்பியைப் படிக்க வைத்தேன். தம்பியைப் போலீஸ் ஆக்கினேன், அதில் ஒரு மரியாதையும் இருக்கட்டுமே என்று. பக்கத்து மேஜையில் எழுதிக்கொண்டிருந்த ஏட்டு பேனாவை நிறுத்திவிட்டார். எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. க்ளைமாக்ஸில் கொட்டுகிற மழையில், கப்பல் சங்கு ஊத, தம்பி மடியில் அண்ணன் தலையைச் சாய்த்தேன். பாட்டைக்கூட லேசாக முனகினேன்.

இன்ஸ்பெக்டர் என் மனுவைத் தள்ளி வைத்தார்.

“க்ளைமாக்ஸ்ல மழை பெஞ்சுதா?”

“ஆமா சார். பயங்கர மழ.”

“நீயே பாத்த?”

“என் கண்ணால பாத்தேன் சார்.”

“அன்னிக்கு ரெண்டாம் ஆட்டம் எந்தத் தியேட்டர்லயும் முழுசா ஓடலப்பா. விஷயம் தெரிஞ்சதும் பாதியில நிறுத்தி எல்லாரையும் வெளிய அனுப்பிட்டாங்க.” அவர் முன்னால் சாய்ந்தார். “நீ எந்த மழைய பாத்த?”

“தூங்கிட்டேன் சார்.”

“இன்னா?”

“எப்பவும் தூங்கிடுவேன் சார். ஆரம்பிச்சதும் தூங்கிடுவேன். எந்தப் படத்தையும் முழுசா பாத்ததில்ல சார்.”

“காசு குடுத்து டிக்கெட் வாங்கி, தாம்பரம் வரைக்கும் பஸ்ல போயி, தூங்கற?”

“ஃபேன் கீது சார் அங்க.”

சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. தாம்பரத்துக்குப் போன் போடச் சொன்னார். லைன் கிடைக்க ஒரு மணி நேரம், அங்கே ஆள் போய் விசாரித்துத் திருப்பிச் சொல்ல இன்னும் இரண்டு மணி நேரம். நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் வழியாக நைனா தெரிந்தார். வெயில் நகர நகர அவரும் நிழலோடு நகர்ந்துகொண்டிருந்தார். ஒரு முறை பார்த்தபோது மரத்தடியில் அவர் இல்லை. அவரையும் உள்ளே கூப்பிட்டுவிட்டார்களோ என்று நினைத்து எழுந்து நின்றேன்.

போன் வந்தது. பதில் இதுதான்: அன்றைக்கு எல்லோரும் ஓடிய பிறகு ஒரே ஒருத்தன் மட்டும் தூங்கிக்கொண்டிருந்தான், வாட்ச்மேன் எழுப்பி விட்டார். யார் என்று தெரியாது. ஒல்லி, கருப்பு, மீசை.

“தமிழ்நாட்டுல பாதிப் பேரு அப்படித்தான் இருக்கான்” என்றார் இன்ஸ்பெக்டர். “அந்தத் தூங்கினவன் நீயா இருந்தா, நீ வீட்டுக்குப் போலாம். இல்லன்னா இப்பவே சொல்லிடு, நீ எங்க இருந்தன்னு. நீ படத்துல தூங்கற ஆளுன்னு சொல்ல யாராவது இருக்காங்களா?”

ஒருத்தன் இருந்தான். சுடலை. பெயர் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள். வேற ஊர்ப் பையன், வேற மாதிரித் தமிழ், சம்பவத்துக்கு முந்தின நாள் லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போனவன். ஜீப் நேராக அவன் வீட்டு வாசலுக்குப் போகும். விழுங்கிவிட்டேன். வீரம் என்று நினைக்காதீர்கள். பயத்தில் அவன் ஊர்ப் பெயர் எனக்கு மறந்துவிட்டது, கேட்டால் என்ன சொல்வது என்றும்தான்.

“யாரும் இல்ல சார்” என்றேன்.

அப்போதுதான் வாசலில் கம்பெனி டெம்போ வந்து நின்றது.

6

நைனா பஸ் பிடித்து மறைமலை நகருக்கே போயிருக்கிறார். தேவராஜ் அண்ணன் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு, பட்டறையில் இருந்து இன்னும் இரண்டு பேரை டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். கிரீஸ் கறையோடு மூன்று பேரும் வரிசையாக நின்றார்கள். அவர்களைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. பிறகு இன்ஸ்பெக்டர் கேட்ட கேள்வியில் அழுகை நின்றுவிட்டது.

“இவன் சினிமாவுல தூங்கற பழக்கம் உள்ளவனா?”

“யாரு, ஏழுமலயா?” தேவராஜ் அண்ணன் நெஞ்சை நிமிர்த்தினார். எனக்காகப் பேச வந்த மனுஷன், முழு மனசோடு பேசினார். “சார், படம் ஓடறப்ப இவன் கண்ண சிமிட்டமாட்டான் சார். ஒரு சீன் வுடாம சொல்லுவான். நாலு வருசமா கேக்கறோம். இவன மாதிரி படம் பாக்கற ஆளு இந்த ஏரியாவுலயே கெடையாது. இன்னாடா, சொல்லுங்கடா.”

“ஆமா சார்” என்றார்கள் மற்ற இருவரும். “கர்ச்சீப் கலர்கூடச் சொல்லுவான் சார்.”

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். நாலு வருஷத்துப் போண்டா முழுவதும் வயிற்றில் கல்லாகி உட்கார்ந்த மாதிரி இருந்தது. பொய் சொல்லிப் பிழைப்பு நடத்துகிறவனுக்கு வருகிற உண்மையான ஆபத்து, அவனை நம்புகிறவர்கள்தான்.

“அண்ணே…” என்றேன்.

“நீ சும்மா இருடா, நான் பேசறேன்ல” என்றார் அண்ணன்.

பக்கத்து மேஜை ஏட்டு தொண்டையைக் கனைத்தார். காலையிலிருந்து அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “சார், ஒரு நிமிஷம். நான் ஒண்ணு கேக்கலாமா?” என்று இன்ஸ்பெக்டரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு தேவராஜ் அண்ணன் பக்கம் திரும்பினார். “இவன் சொன்னதுல உனக்கு ரொம்பப் புடிச்ச கதை எது?”

“லாரிப் படம் சார்” என்றார் அண்ணன், ஒரு விநாடிகூட யோசிக்காமல்.

“முடிவு இன்னா சொன்னான்?”

அண்ணன் சொன்னார். கோயில் படி, புது வேட்டி, திரும்பி வருகிற லாரியின் ஹாரன் சத்தம். சொல்லும்போதே குரல் உடைந்தது. போலீஸ் ஸ்டேஷனில், கிரீஸ் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அந்தப் படம் நான் மூணு தடவ பாத்தேன்” என்றார் ஏட்டு. “அம்மா சாவலயே. கடைசில கல்யாணத்துல அவங்கதான ஆரத்தி எடுக்கறாங்க?”

கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த அண்ணன் கையை அப்படியே நிறுத்தினார்.

“கோயிலே வரல அதுல” என்றும் சேர்த்துக்கொண்டார் ஏட்டு.

மற்ற இருவரையும் கேட்டார். ஒருவர் சொன்ன படத்தில் இரட்டை வேஷம் இருந்தது. ஏட்டு, “ரெட்ட வேசமா? அதுல ஒருத்தர்தான்யா” என்றார். இன்னொருவர் சொன்னதில் வில்லன் திருந்திப் பாதிரியார் ஆனான். “ஜெயிலுக்குப் போறான்” என்றார் ஏட்டு. ஏட்டுக்கு அப்படியொரு ஞாபகசக்தி. ஒவ்வொரு கதையாகச் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டே வந்தார். என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரிந்தது. ஆனாலும் ஒவ்வொரு வெட்டுக்கும் என் உடம்பு குறுகியது.

“சார்” என்றார் கடைசியில். “நாலு வருசத்துல இவன் ஒரு படத்தக்கூட சரியா சொல்லல. தியேட்டர்ல தூங்கினது இவன்தான் சார். வேற யாரா இருக்க முடியும்?”

இன்ஸ்பெக்டர் மனுவை இழுத்து எழுத ஆரம்பித்தார். பேனா ஓடுகிற சத்தம் அவ்வளவு நேரம் கேட்கும் என்று நான் நினைத்ததே இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தார். “போ. பாஸ்போர்ட் வந்துடும். இனிமே உன்ன யாராவது ஏதாவது கேட்டா, தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. புரியுதா?”

“புரியுது சார்.”

“இன்னிக்கு இந்த ஏட்டு லீவு போட்டிருந்தா, நீ உள்ளதான்.”

7

டெம்போவில் பின்னால் ஏறினோம். நைனா டிரைவர் பக்கத்தில். யாராவது திட்டினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. மற்ற இருவரும் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்கள். ஒருவர் மட்டும் ஒரகடம் நெருங்கும்போது, “அப்போ அந்த இன்ஜினியர் படத்துல, ட்ரெயினு?” என்றார்.

“தெரியலண்ணே.”

“ட்ரெயினே இல்லியா?”

“இருந்துகூட இருக்கலாம்ண்ணே. தெரியல.”

அவர் திரும்பிக்கொண்டார்.

தேவராஜ் அண்ணன் கை கிரீஸைத் துடைத்துக்கொண்டே வந்தார். அவர் வீடு படப்பையில். நைனாவை ஒரகடத்தில் இறக்கிவிட்டு, டெம்போவைப் படப்பைக்கு விடச் சொன்னார். நானும் இறங்கப் போனேன். என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார்.

“என் பொஞ்சாதி அந்த லாரிப் படத்துக்குப் போய்ட்டு வந்தாடா” என்றார். டெம்போ சத்தத்தில் அவர் குரல் எனக்கு மட்டும்தான் கேட்டது. “நான்தான் அனுப்பிச்சேன், போயி அழுதுட்டு வான்னு. வந்து, அம்மா சாவலயேன்னு சொன்னா. நான் இன்னா சொன்னேன் தெரியுமா? நீ தூங்கிட்டு வந்து என்கிட்ட பேசறியாடின்னு கேட்டேன். பசங்க முன்னாடி, மாமியா முன்னாடி. அவ இல்ல இல்லன்றா. பொய் சொல்லாதடின்னு கைய ஓங்கிட்டேன்.”

அண்ணன் டெம்போவின் பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“அதுக்கப்பறம் அவ படத்துக்கே போறதில்ல. கூப்ட்டா, எனக்குத் தூக்கம் வரும், நீங்க போங்கன்றா.”

வீட்டுக்கு முன்னால் டெம்போ நின்றது. சத்தம் கேட்டு அண்ணன் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர்கள், வாசலுக்கு ஓடி வந்தார்கள். அந்த நாட்களில் யார் வீட்டு வாசலில் வண்டி நின்றாலும் அப்படித்தான் ஓடி வருவார்கள். ஸ்டேஷனுக்குப் போன செய்தி அதற்குள் அங்கே வந்திருந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அண்ணனைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள்.

“இன்னாச்சு? வுட்டுட்டாங்களா?”

“வுட்டுட்டாங்க” என்றார் அண்ணன். என்னை முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினார். “அவகிட்ட சொல்லு.”

இன்ஸ்பெக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தபோதுகூட என் கால்கள் அவ்வளவு கனக்கவில்லை. உள்ளே இருந்து பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள், அவர்களுக்குப் பின்னால் அண்ணனின் அம்மா.

“அக்கா” என்றேன். “அந்த லாரிப் படத்துல அம்மா சாவலக்கா. நான் படமே பாக்கல. நான்தான் தூங்கிட்டேன்.”

அக்கா முந்தானையை வாயிலிருந்து எடுத்துவிட்டு, மெதுவாகத் திரும்பித் தேவராஜ் அண்ணனைப் பார்த்தார்கள்.